என்னிடம் சொல்வது என்னோடு நிற்பதில்லை

"அக்கா, உங்ககிட்ட சொல்றதுக்கென்ன..." என்று யாராவது ஆரம்பித்தால் அந்த இடத்திலேயே நிறுத்திவிடுவேன்.

15 வருடமாகப் பெங்களூரில் ஆள் எடுத்துக் கொடுக்கும் வேலையில் இருக்கிறேன். இந்திராநகரில் ஒரு சின்ன கன்சல்டன்சி. இன்ன வேலைக்கு ஆள் வேண்டும் என்று கம்பெனிகள் சொல்லும், நாங்கள் தேடிப் பிடித்துப் பேசி அனுப்புவோம். ஒரு நாளைக்கு முப்பது, நாற்பது பேரோடு போனில் பேசுகிறேன். அதில் பாதிப்பேர் தமிழ்நாட்டுப் பிள்ளைகள். ரெஸ்யூமில் சிவகாசி, கோவில்பட்டி, நாமக்கல் என்று கல்லூரி இருக்கும் ஊரைப் பார்த்துவிட்டு, இரண்டு நிமிடம் இங்கிலீஷில் திணறுவதையும் கேட்டுவிட்டு, "தமிழ்லயே பேசலாம்ப்பா" என்பேன். எதிர்முனையில் ஒரு பெருமூச்சு கேட்கும். அப்புறம் அந்தப் பையன் பேசுவதே வேறு. வேலை தெரிந்தவன் என்பது அப்போதுதான் வெளியே வரும்.

அதே நிம்மதியில்தான் மற்றதும் வரும். "உங்ககிட்ட சொல்றதுக்கென்ன, இன்னொரு இடத்துலயும் ஆஃபர் வாங்கி வெச்சிருக்கேன். இது வந்தா அதை விட்டுருவேன்." அக்காவிடம் சொன்னதாக அவன் நினைக்கிறான். நான் அக்காதான், மறுக்கவில்லை. ஆனால் போனை வைத்ததும் அதை எழுதியாக வேண்டிய இடத்தில் இருக்கிற அக்கா. மறைத்து அனுப்பினால் நாளைக்கு அந்தக் கம்பெனி என்னை நம்பாது, அடுத்த பத்துப் பேருக்கு என்னால் பேச முடியாது. அதனால் தமிழுக்கு மாறும்போதே சொல்லிவிடுகிறேன்: "மொழிதான் மாறுது தம்பி, நான் எழுதறது மாறாது."

போனை வைத்த பிறகு என்ன நடக்கிறது என்று வெளியே இருப்பவர்களுக்குத் தெரிவதில்லை. என் முன்னால் ஒரு எக்செல் ஷீட் இருக்கும். மொத்த அனுபவம், இந்த வேலைக்குப் பொருந்தும் அனுபவம், இப்போதைய சி.டி.சி. (கம்பெனி ஒருவருக்காக வருடத்துக்குச் செய்யும் மொத்தச் செலவு), எதிர்பார்ப்பது, நோட்டீஸ் பீரியட் (ராஜினாமா கொடுத்த பிறகும் வேலை பார்க்க வேண்டிய நாட்கள்), ஊர், வேலை மாறக் காரணம். கடைசியில் குறிப்பு என்று ஒரு கட்டம். அதில் நான் இரண்டு வரி எழுதுவேன். ஆள் எடுக்கும் மேனேஜர் முதலில் படிப்பது அந்த இரண்டு வரியைத்தான். ரெஸ்யூமைத் திறப்பதா வேண்டாமா என்பதை அங்கேயே முடிவு செய்துவிடுவார். நீங்கள் என்னிடம் இருபது நிமிடம் பேசினாலும் மேனேஜரிடம் போய்ச் சேருவது அவ்வளவுதான். அந்த வரிகளை நீங்களே கொடுத்துவிட்டால் நல்லது. கொடுக்காவிட்டால் நானாக எதையோ எழுத வேண்டியிருக்கும்.

ஸ்ரீராம்புரத்தில் இருந்து ஒரு பெண். கணக்குப் பிரிவில் ஆறு வருட அனுபவம், அப்புறம் மூன்று வருடம் வேலை இல்லை. ஏன் என்று கேட்டேன். அழாத குறையாக ஆரம்பித்தார். மாமியாருக்கு டயாலிசிஸ், வாரம் மூன்று நாள் ஆஸ்பத்திரி, கணவருக்கு ஷிப்ட், குழந்தைக்கு அப்போதுதான் பள்ளிக்கூடம். கேட்கும்போது எனக்கும் கஷ்டமாக இருந்தது. ஆனால் இதில் எதை நான் எழுதுவது? எழுதினால் படிப்பவர், 'வீட்டில் பிரச்சினை உள்ளவர், லீவு போடுவார்' என்று முடித்துவிடுவார். நான் எழுதியது இது: "வீட்டில் ஒருவரின் சிகிச்சைக்காக மூன்று வருட இடைவெளி. இப்போது முழு நேரமும் வர முடியும், ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போடும் வேலையை இரண்டு சின்னக் கடைகளுக்கு வீட்டிலிருந்தே தொடர்ந்து செய்துவந்தார்." கடைசித் துண்டு, நான் குடைந்து குடைந்து கேட்டபோது போகிற போக்கில் அவர் சொன்னது. அது வேலை என்றே அவருக்குத் தோன்றவில்லை. மேனேஜர் கூப்பிட்டது அந்த வரிக்காகத்தான். வெட்கப்பட வேண்டியது எதுவுமே இல்லாத ஒரு விஷயத்துக்கு எத்தனை பெண்கள் இருபது நிமிடம் மன்னிப்புக் கேட்கிறார்கள் என்று நினைத்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை.

நோட்டீஸ் பீரியட் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும். பெங்களூரில் ஐ.டி. வேலைகளில் 90 நாள் என்பது சாதாரணம். ஆள் எடுக்கும் கம்பெனி 30 நாளில் வா என்னும். இந்த இடைவெளியில்தான் பொய் நுழைகிறது. ஒரு பையன் என்னிடம் 30 நாள் என்றான். ஆஃபர் லெட்டரில் சேரும் தேதி அதன்படி வந்தது. ராஜினாமா கொடுத்துவிட்டு, முன்கூட்டியே விட்டுவிடச் சொல்லி மேனேஜரிடம் கெஞ்சினான். அவர் மாட்டேன் என்றுவிட்டார். மிச்ச நாளுக்குப் பணம் கட்டி வெளியே வர அவனுடைய நியமன ஒப்பந்தத்தில் வழி இல்லை. பழைய கம்பெனி விடுவித்துவிட்டது என்று காட்டும் ரிலீவிங் லெட்டர் இல்லாமல் புதிய கம்பெனி சேர்க்காது. ஒரு மாதம் பார்த்துவிட்டு வேறு ஆளை எடுத்துவிட்டார்கள். பழைய இடத்திலும் அவன் இடத்துக்கு ஆள் வந்துவிட்டது. முதல் நாளே "90 நாள், ஆனால் 20 நாள் லீவு பாக்கி இருக்கு, அதைக் கழிக்கலாமான்னு கேட்டுச் சொல்றேன்" என்று சொல்லியிருந்தால் அதை அப்படியே எழுதியிருப்பேன். 90 நாள் காத்திருக்கிற கம்பெனிகளும் இருக்கின்றன. அவனைச் சேர்க்க எனக்கு வேறு இரண்டு இடம் அப்போது இருந்தது.

அனுபவத்தைக் கூட்டிச் சொல்வதும் இதே கதைதான். உங்கள் பி.எஃப். கணக்கின் யு.ஏ.என். எண்ணைப் போட்டுப் பார்த்தால் எந்தக் கம்பெனியில் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை இருந்தீர்கள் என்று வரிசையாக வந்துவிடும். வாயால் சொன்னதற்கும் அதற்கும் இரண்டு மாதம் வித்தியாசம் இருந்தாலே கேள்வி வரும்.

சரி, சம்பளம். "12 லட்சம் சி.டி.சி.ன்னா மாசம் ஒரு லட்சம்தானே அக்கா?" இல்லை. ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். 12 லட்சத்தில் அடிப்படைச் சம்பளம் 6 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். கம்பெனி உங்கள் பேரில் கட்டும் பி.எஃப். அதில் 12 சதவீதம், 72,000. கிராஜுவிட்டிக்கு, அதாவது பணிக்கொடைக்கு, 4.81 சதவீதம் என்று 28,860 எடுத்து வைப்பார்கள். வேலையைப் பொறுத்துக் கூடிக் குறையும் வேரியபிள் 1,20,000, அது வருடக் கடைசியில், அதுவும் முழுதாக வரும் என்று உறுதியில்லை. இதெல்லாம் கழிந்தால் 9,79,140. மாதத்துக்கு 81,595. அதிலிருந்து உங்கள் பங்கு பி.எஃப். 6,000, கர்நாடகத் தொழில் வரி 200 போனால் கைக்கு வருவது 75,395. ஒரு லட்சத்தை நம்பி வீட்டு அட்வான்ஸ் கொடுத்தவரை எனக்குத் தெரியும். அதனால் "எவ்வளவு தருவாங்க" என்று கேட்காதீர்கள். "நிரந்தரப் பகுதி எவ்வளவு, வேரியபிள் எவ்வளவு, பி.எஃப்., கிராஜுவிட்டி அதற்குள்ளா வெளியேயா" என்று கேளுங்கள். அதை மெயிலில் அனுப்பச் சொல்லுங்கள். இப்படிக் கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ என்று தயங்குகிறீர்கள். நான் கோபித்துக்கொள்வதில்லை. விவரமான ஆள், கடைசி நாளில் பின்வாங்க மாட்டார் என்றுதான் நினைப்பேன்.

எனக்குச் சம்பளம் யார் தருகிறார்கள் என்பதையும் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. நீங்கள் சேர்ந்தால் கம்பெனி எங்களுக்குக் கொடுக்கும். பெரும்பாலும் உங்கள் வருடச் சம்பளத்தில் 8.33 சதவீதம், அதாவது ஒரு மாதச் சம்பளம் அளவு. மூன்று மாதத்துக்குள் நீங்கள் விட்டுவிட்டுப் போனால் நாங்கள் வேறு ஆள் தர வேண்டும், இல்லாவிட்டால் பணத்தைத் திருப்ப வேண்டும். எனவே உங்களிடம் பதிவுக் கட்டணம், ட்ரெயினிங் டெபாசிட், லேப்டாப் கட்டணம் என்று யார் கேட்டாலும் அவர் ரெக்ரூட்டர் இல்லை. இன்னொன்று, உங்கள் ரெஸ்யூமை எந்தக் கம்பெனிக்கு அனுப்புகிறார்கள் என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். இரண்டு கன்சல்டன்சி வழியாக ஒரே கம்பெனிக்கு ஒரே பெயர் போய்விட்டால், யாருக்குக் காசு என்ற தகராறு வேண்டாம் என்று பல இடங்களில் அந்தப் பெயரையே ஒதுக்கிவிடுகிறார்கள்.

எங்கள் பக்கமும் தப்பு உண்டு. பேசிவிட்டுத் திரும்பக் கூப்பிடாமல் விடுகிறோம். அது தப்புதான், நியாயப்படுத்த மாட்டேன். நாற்பது பேரில் உங்களை ஞாபகப்படுத்த "ஹாய்", "எனி அப்டேட்" என்ற செய்தியால் முடியாது. "வணக்கம், நான் இன்னார். இந்தக் கம்பெனியில் டெஸ்டிங் வேலைக்கு 12-ஆம் தேதி இரண்டாவது சுற்று முடிந்தது. முடிவு தெரிந்ததா? 25-ஆம் தேதிக்குள் வேறு ஓர் இடத்துக்குப் பதில் சொல்ல வேண்டும்." இப்படி வந்தால் அந்தச் செய்தியை அப்படியே கம்பெனிக்குத் தள்ளிவிடுவேன். என் வேலையில் பாதி முடிந்தது.

இதையெல்லாம் எழுத வேண்டும் என்று தோன்றியதே வீட்டில் நடந்த ஒன்றினால்தான். நாங்கள் இருப்பது மர்பி டவுனில், அல்சூர் ஏரிக்கு இந்தப் பக்கம். ஏரிக்கரையில்தான் ராணுவத்தின் பொறியாளர் படைகளில் ஒன்றான மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்பின் சென்டர். அப்பா அங்கே 1974-ல் சேர்ந்து 1998-ல் ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். 1780-ல் தொடங்கிய படை அது. அங்கே இருக்கிறவர்களை ராணுவம் முழுக்கத் 'தம்பி' என்றுதான் கூப்பிடும். அப்பாவுக்கு 70 தாண்டிவிட்டது, இன்னும் பழைய ஆட்கள் வந்தால் ஒருவரை ஒருவர் தம்பி என்றுதான் அழைத்துக்கொள்கிறார்கள்.

பெரியப்பா பேரன் குடியாத்தத்தில் இருந்து பெட்டியோடு வந்து இறங்கினான். 19 வயது. நான்கு வருடச் சேவைக்கு ராணுவத்தில் ஆள் எடுக்கும் அக்னிவீரில் சேர வேண்டும். சின்னத் தாத்தா மிலிட்டரி, அத்தை ஆள் எடுக்கும் வேலை, அதனால் பெங்களூரில் சுலபமாக முடியும் என்று யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அந்த 'யாரோ' ஒரு புரோக்கர் என்பது இரண்டாம் நாள் இரவு சாப்பிடும்போதுதான் தெரிந்தது. சென்டரில் நடக்கும் உறவினர் ஒதுக்கீட்டு முகாமில் சேர்த்துவிடுகிறேன், இரண்டரை லட்சம், பாதி முன்பணம் என்று பேசியிருக்கிறார். பையனின் அப்பா, அதாவது என் அண்ணன், நகையை அடகு வைக்கத் தயாராக இருந்தார்.

அப்பா சாப்பாட்டுக் கையோடு எழுந்துவிட்டார். ரெஜிமென்ட் சென்டர்களில் அப்படி ஓர் ஒதுக்கீடு உண்டுதான். ஆனால் அது படையில் இருக்கிற, இருந்தவர்களின் மகனுக்கும் உடன்பிறந்த சகோதரனுக்கும். அண்ணன் பேரனுக்கு இல்லை. "என் பேரைச் சொல்லி எவன்டா காசு கேட்டான்?" என்று கத்தினார். அவர் அப்படிக் கத்தி நான் பார்த்தே பல வருடம் ஆகியிருந்தது. அந்த வியாபாரம் எப்படி நடக்கிறது என்று அப்புறம் நிதானமாகச் சொன்னார். இருபது பையன்களிடம் முன்பணம் வாங்குவார்கள். யாருக்காகவும் எதையும் செய்ய மாட்டார்கள். சொந்தமாக ஓடி, எழுதித் தேறுகிற மூன்று பேரிடம் மீதியையும் வாங்கிக்கொள்வார்கள். மற்றவர்களிடம் 'இந்தத் தடவை ஆகல' என்று பாதியைத் திருப்பிக் கொடுத்து நல்ல பெயரும் எடுப்பார்கள். தேறியவன் தன் காலால் ஓடியதற்கு இன்னொருவனுக்குக் காசு கொடுத்திருப்பான். விண்ணப்பத்தோடு ஆன்லைனில் கட்டும் 250 ரூபாயைத் தவிர வேறு பணம் எதுவும் கிடையாது.

இணையத்தில் ராணுவ ரெக்ரூட்டரிடம் பேசுவது எப்படி என்று தேடினால் வருவதெல்லாம் அமெரிக்க அறிவுரை. அங்கே 1973-ல் கட்டாய ராணுவச் சேவையை நிறுத்திவிட்டார்கள். அப்போதிலிருந்து ரெக்ரூட்டர்தான் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக ஆள் தேடிப் போகிறார். எந்தப் பிரிவு, எவ்வளவு போனஸ் என்று வாயால் சொன்னதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்கு என்பது அங்கே சரியான அறிவுரை. இங்கே நிலைமை தலைகீழ். ஆட்சேர்ப்பு அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவர் உங்களை இழுக்கவும் இல்லை, அவரை நீங்கள் மயக்கவும் முடியாது. பேச்சுவார்த்தைக்கு இடமே இல்லை. அறிவிக்கையில் அச்சடித்திருப்பதுதான் வார்த்தை.

அப்படியானால் பேசவே வேண்டாமா? வேண்டும். பையன் விஷயத்தில் முதல் சிக்கல் ஊர். பெங்களூரில் எங்கள் வீட்டு விலாசத்தில் விண்ணப்பிக்கலாம் என்று நினைத்திருந்தான். இருப்பிடச் சான்று எந்த மாவட்டமோ, அந்த மாவட்டம் எந்த ஆட்சேர்ப்பு அலுவலகத்தின் கீழ் வருகிறதோ அங்கேதான். இவனுக்கு வேலூர் மாவட்டம். இரண்டாவது சிக்கல் இனிஷியல். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு மட்டுமே புரிகிற சிக்கல் இது. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் பெயருக்குப் பின்னால் ஒரே எழுத்து. ஆதாரில் அந்த எழுத்தை விரித்து அப்பா பெயரையே போட்டுவிட்டார்கள். பெயர், அப்பா பெயர், பிறந்த தேதி மூன்றும் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இருப்பது போலவே இருக்க வேண்டும். என் ஆபீசிலும் இதே தலைவலி. பான் கார்டில் ஒன்று, பி.எஃப். கணக்கில் ஒன்று, டிகிரியில் ஒன்று என்று வந்து பின்னணிச் சரிபார்ப்பில் மாட்டிக்கொண்டு நிற்பவர்கள் ஏராளம். ஆதாரைத் திருத்திவிட்டு வா என்று அவனை ஊருக்கு அனுப்பினோம்.

அவன் முதல் தடவை அலுவலகத்துக்குப் போன் செய்ததை நான் பக்கத்தில் இருந்து கேட்டேன். "சார், வணக்கம் சார், நான் குடியாத்தத்துல இருந்து பேசறேன் சார், எங்க சின்னத் தாத்தாவும் மிலிட்டரிதான் சார், எனக்குச் சின்ன வயசுல இருந்தே சார்..." அந்தப் பக்கம் வைத்துவிட்டார்கள். அவன் முகம் சுருங்கிப்போனது. அப்பா அவனைத் திட்டவில்லை. திண்ணையில் நேராக நிற்கவைத்து, "பேரு, பதிவு எண், மாவட்டம், கேள்வி. நாலும் ஒரே மூச்சுல. அப்புறம் வாயை மூடிட்டு அவர் சொல்றதை எழுது. சொன்னதைத் திருப்பிப் படிச்சுக் காட்டு" என்றார். வயர்லெஸ்ஸில் அவர்கள் அப்படித்தான் பேசுவார்களாம். பத்துத் தடவை சொல்ல வைத்தார். இரண்டாவது போன் ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஆதார் திருத்தம் நடப்பில் இருக்கும்போது எந்த ரசீதைக் கொண்டுவர வேண்டும் என்று எதிர்ப்பக்கம் பொறுமையாகச் சொன்னார்கள். நான் 15 வருடமாகப் போனில் தேடிக்கொண்டிருக்கிற ஒழுங்கு எங்கள் திண்ணையிலேயே இருந்திருக்கிறது.

அண்ணன் கேட்க வேண்டிய கேள்விகளையும் எழுதினோம். ஊரில் ஒரு பயிற்சி மையம் 'சேர்ந்துட்டா அப்படியே பர்மனன்ட்தான்' என்று சொல்லியிருக்கிறது. திட்டத்தை அறிவித்த 2022 ஜூன் முதல் சொல்லப்படுவது வேறு. நான்கு வருடம். அதன் பிறகு அதிகபட்சம் 25 சதவீதம் பேரைத்தான் நிரந்தரமாக எடுப்பார்கள். முதல் வருடம் மாதம் 30,000, அதில் கைக்கு 21,000. மீதி 9,000 சேவா நிதிக்கு. நான்காம் வருடம் 40,000. வெளியே வரும்போது அரசின் பங்கும் வட்டியும் சேர்ந்து சுமார் 11.71 லட்சம். பென்ஷன் இல்லை. அந்த நான்கு வருடமும் கல்யாணம் கூடாது. அண்ணி கடைசி விஷயத்துக்கு மட்டும் தலையசைத்தார். இதைச் சொன்னதால் பையன் மனசு மாறவில்லை, மாறவேண்டும் என்று நாங்களும் சொல்லவில்லை. தெரிந்து போகட்டும். முதலில் ஆன்லைன் எழுத்துத் தேர்வு, அதில் தேறினால்தான் கிரவுண்டு. 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிடத்துக்குள் ஓடினால் 60 மதிப்பெண், புல்-அப் பத்து எடுத்தால் 40. விடியற்காலையில் ஏரியைச் சுற்றி அவன் ஓடுவதை அப்பா கடிகாரத்தோடு நின்று பார்த்தார்.

மெடிக்கல் பற்றி ஒன்று. சின்ன வயதில் காதில் சீழ் வந்து அவனுக்குச் சிகிச்சை நடந்திருக்கிறது. கேட்டால் இல்லை என்று சொல்லிவிடலாமா என்றான். ராணுவ டாக்டர் காதுக்குள் விளக்கு அடித்துப் பார்க்கப் போகிறார், அவரிடம் வாயால் எதை மறைப்பது? இப்போதே ஒரு காது டாக்டரிடம் காட்டு, சரியாக இருந்தால் பயமில்லை, இல்லாவிட்டால் நாள் இருக்கும்போதே பார்த்துக்கொள்ளலாம் என்று அழைத்துப்போனேன். காது சுத்தமாக இருந்தது. அங்கே ஏதாவது குறை சொன்னாலும் வாதாடாதே, எந்த மருத்துவமனையில் எத்தனை நாளுக்குள் மறுபரிசோதனை என்று கேட்டு அந்தத் தாளை வாங்கிக்கொண்டு வா என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

எதிர்வீட்டுப் பெண், ராணுவ அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் எஸ்.எஸ்.பி. தேர்வுக்குப் போகிறாள், கப்பன் ரோடு செலக்ஷன் சென்டருக்கு. ஐந்து நாள் தேர்வு. அங்கே போனதுமே ஒரு விவரப் படிவம் நிரப்பச் சொல்வார்கள். நேர்முகத்தில் கேட்கிற கேள்வியெல்லாம் அதிலிருந்துதான் முளைக்கும். பொழுதுபோக்கு என்ற இடத்தில் 'மலையேற்றம்' என்று எழுதிப் பழகிக்கொண்டிருந்தாள். நந்தி மலைக்கு ஒரு தடவை காரில் போனவள். 'அம்மாவோடு சேர்ந்து ஏலச்சீட்டுக் கணக்கு எழுதுகிறேன்' என்பது உண்மை. அதை எழுது, இருபது குடும்பத்தின் காசை மாதாமாதம் வசூலித்துப் பிரச்சினை இல்லாமல் நடத்துகிறாய், அதைப் பற்றி எத்தனை கேள்வி கேட்டாலும் உன்னால் பதில் சொல்ல முடியும் என்றேன். 15 வினாடிக்கு ஒரு வார்த்தை என்று 60 வார்த்தைகளைக் காட்டி மனசில் தோன்றியதை எழுதச் சொல்லும் ஒரு தேர்வும் அங்கே உண்டு. அந்த வேகத்தில் இல்லாத ஆளாக நடிக்க யாராலும் முடியாது.

அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டியது இருக்கிறது. 1998-ல் அவர் ஓய்வு பெற்றபோது எனக்கு 13 வயது. ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று போனார், என்னையும் அழைத்துக்கொண்டு. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. மேஜைக்குப் பின்னால் இருந்தவர் "என்ன வேலை தெரியும்?" என்று கேட்டார். அப்பா நிமிர்ந்து நின்று, "எல்லா வேலையும் செய்வேன் சார்" என்றார். அவ்வளவுதான் பேச்சு. வாட்ச்மேன் வேலை கொடுத்தார்கள். 11 வருடம் ஒரு கேட்டில் நின்றார். அந்த மனிதர் கெட்டவர் இல்லை. எழுதிக்கொள்ள அவருக்கு அப்பா எதையும் கொடுக்கவில்லை, அவரும் இன்னொரு கேள்வி கேட்கவில்லை.

அப்பா என்ன செய்தார் என்று எனக்கே முழுதாகத் தெரிந்தது 2024-ல். ஜூலை 30-ல் வயநாட்டில் நிலச்சரிவு. இங்கே இருக்கும் சென்டரின் ஆட்கள்தான் போய் சூரல்மலையில் இரும்புத் துண்டுகளைக் கோத்துப் போடும் 190 அடி பெய்லி பாலத்தை ஆகஸ்ட் 1-க்குள் போட்டார்கள். மேஜர் சீதா ஷெல்கே அதை முன்னின்று நடத்தினார். டிவியில் அதைப் பார்த்துக்கொண்டே அப்பா பேச ஆரம்பித்தார், நிறுத்தவே இல்லை. ஒரு பேனல் பத்தடி நீளம், 260 கிலோ, ஆறு பேர் தூக்க வேண்டும், கிரேன் வேண்டாம், இந்தக் கரையிலேயே கோத்து உருளை மேல் வைத்து அந்தக் கரைக்குத் தள்ள வேண்டும். "நாங்க அப்படித்தான் போடுவோம்" என்றார். "நாங்கன்னா? நீங்க எங்க நிப்பீங்க?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "பின்னு. பேனலும் பேனலும் சேர்ற இடத்துல பின் போடுவாங்க. ஒவ்வொண்ணும் சரியா உக்காந்துதான்னு தொட்டுப் பாக்கறது நான். நான் சரின்னு சொன்னாத்தான் தள்ளுவாங்க" என்றார்.

படையிலிருந்து வருகிறவர்கள் 'நான்' என்று சொல்லப் பழகாதவர்கள். அது அவர்களுடைய பண்பு, மாற்றச் சொல்லவில்லை. அக்னிவீர் முதல் அணியினர் 2023 தொடக்கத்தில் பயிற்சிக்குப் போனவர்கள். அவர்களுக்கு நான்கு வருடம் முடியும்போது 22, 23 வயதுப் பிள்ளைகள் என்னைப் போன்றவர்களின் போனுக்கு வரப்போகிறார்கள். ஆள் எடுக்கும் என் சகாக்களுக்கு ஒரு வேண்டுகோள்: இன்னொரு கேள்வி கேளுங்கள்.

போன வாரம் ஒருவர் பேசினார். 17 வருடச் சேவை, திருவண்ணாமலைக்காரர், ஆஸ்டின் டவுனில் மச்சான் வீட்டில் தங்கியிருக்கிறார். என்ன வேலை பார்ப்பீர்கள் என்றேன். "எது குடுத்தாலும் செய்வேன் மேடம்" என்றார்.

"அதை எழுத மாட்டேன் அண்ணா. கடைசியா உங்க பொறுப்புல என்ன இருந்தது?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம், "ஜெனரேட்டர் மேடம். பதினோரு ஜெனரேட்டர். பதிமூணாயிரம் அடி உயரத்துல. குளிர்ல டீசல் உறைஞ்சுரும்" என்றார்.

நான் ஷீட்டைத் திறந்தேன்.